உப்புக் கொடுத்து வாங்கும் மென்னீர்

விருதுநகர்ச் சீமைக்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணுக்கு முதல் நாளே சொல்லித் தரப்படும் பாடம், எந்தக் குடத்தில் எந்தத் தண்ணீர் இருக்கிறது என்பதுதான். சில நாள்களுக்கு ஒருமுறை குழாயில் வருவது நல்ல தண்ணீர். அது குடிக்கவும் உலை வைக்கவும். போரிலிருந்து மோட்டார் ஏற்றித் தருவது உப்புத் தண்ணீர். அது மற்ற எல்லாவற்றுக்கும். ஆனைக்குட்டம், வெம்பக்கோட்டை அணைகளும் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும் தருகின்ற நீரை அளந்து செலவிட்டு, குளியலுக்கும் துவைப்புக்கும் போர்த் தண்ணீரோடு போராடுவதே இங்குள்ள குடும்பங்களின் அன்றாட நடைமுறை.

இந்தப் போராட்டத்துக்கு முடிவு கட்டும் என்ற நம்பிக்கையோடு, வசதியுள்ள வீடுகளில் இப்போது மென்னீராக்கி வைக்கிறார்கள். ‘வாட்டர் சாஃப்ட்னர்’ என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான். மாடியில் ஆள் உயர உருளை ஒன்றும், அதன் அருகே உப்புத் தொட்டி ஒன்றும் நிற்கும். வைத்த ஆறு மாதத்தில் பல வீடுகளில் எழும் முறையீடு ஒன்றே: “இவ்வளவு பணம் கொடுத்து வைத்தோம், தண்ணீர் இன்னும் உப்பாகத்தானே இருக்கிறது?”

சகோதரிகளே, உப்பாகத்தான் இருக்கும். அது இயந்திரத்தின் பழுது அன்று. ‘உப்புத் தண்ணீர்’ என்று நாம் சொல்லும் ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு குறைகள் அடங்கியிருக்கின்றன. நாவில் கரிப்பது சாதாரண உப்பு. சோப்பு நுரையாமல் திரிவதும், பருப்பு வேகாமல் கிடப்பதும், குழாய் முனையில் வெள்ளைப் படிவு ஏறுவதும் கால்சியம், மக்னீசியம் ஆகிய இரண்டின் வேலை. இதைக் கடினத்தன்மை என்பர். மென்னீராக்கி தீர்ப்பது இந்த இரண்டாவது குறையை மட்டுமே. முதலாவதை அது குறைப்பதில்லை. உள்ளபடி சொன்னால், சிறிது கூட்டவே செய்கிறது. இதை அறியாமல் வாங்குவோர் ஏமாற்றம் அடைகின்றனர். அறியாமல் குடிப்போர்க்கு வரக்கூடியது ஏமாற்றத்தினும் பெரிது. அதைப் பின்னர் விரிவாகச் சொல்வோம்.

நம் மாவட்டத்து நிலத்தடி நீர் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு விடை தேடித் தொலைவு போகவேண்டியதில்லை. விருதுநகருக்கு அருகில் ராமசாமிராஜா நகரில் 1960-களின் தொடக்கத்திலிருந்தும், ஆலங்குளத்தில் 1970-லிருந்தும் சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக் கல் வெட்டி எடுக்கிறார்கள். மண்ணுக்குள் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் மழைநீர் அந்தக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துத் தன்னோடு கொண்டு செல்கிறது. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையே பெய்யும் வெப்ப நிலத்தில், கரைந்தது கழுவிச் செல்லப்படாமல் தங்கிச் செறிகிறது. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் ஏற்ற காய்ந்த வானம் என்று சிவகாசியைப் புகழ்கிறோமே, அதே வானம்தான் நம் கிணற்று நீரையும் இப்படி ஆக்கிவைத்திருக்கிறது. கல்லாக இருந்தது நீரில் கரைந்து வருகிறது. கீசரின் சூட்டில் மறுபடியும் கல்லாகிப் படிகிறது. கீசர்க் கம்பியின் மேல் விரற்கடை கனத்துக்கு ஏறும் வெள்ளை ஓடு வேறொன்றும் அன்று.

இதனால் ஏற்படும் இழப்பைக் கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே. ஒரு லிட்டரில் 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். 20 லிட்டர் வாளியில் 12 கிராம் இருக்கும். அவ்வளவையும் திரித்துத் தீர்த்த பிறகே சோப்பு நுரைக்கத் தொடங்கும் என்பதால், அந்த ஒரு வாளிக்கு மட்டும் ஏறத்தாழ 70 கிராம் சோப்பு வீணாகிறது. அழுக்கை எடுப்பதற்கு அதன் பின்னர்தான் சோப்பு மிஞ்சும். பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களில் இது பணக்கணக்கு மட்டுமன்று. மருந்து அறையிலும் திரி வேலையிலும் இருந்து மாலையில் வருவோரின் கையிலும் கழுத்திலும் மயிர்க்கால்களிலும் அலுமினியப் பொடி வெள்ளியாய் அப்பியிருக்கும். கடின நீரில் திரிந்த சோப்பு பிசுபிசுத்த ஏடாகி அந்தப் பொடியோடு தோலில் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கையோடுதான் சாப்பாட்டுத் தட்டின் முன் அமர்கிறார்கள். இவர்களுக்கு மாலையில் ஒரு வாளி மென்மையான நீர் கிடைப்பது ஆடம்பரம் ஆகாது. சிவகாசியின் ஆப்செட் அச்சகத்தார் தங்கள் இயந்திர உருளைகளில் சுண்ணாம்பு படியாதிருக்க நீரைப் பதப்படுத்தியே பயன்படுத்துகிறார்கள். இயந்திரத்துக்குச் செய்வதை மனிதனின் தோலுக்கும் செய்யலாம் அல்லவா?

இனி இயந்திரத்துக்கு வருவோம். உருளைக்குள் இருப்பவை கடுகை விடச் சிறிய, தேன் நிறமுள்ள ரெசின் மணிகள். ஒவ்வொரு மணியும் சோடியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடின நீர் அதன் மேல் ஓடும்போது மணி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொண்டு, தன்னிடமுள்ள சோடியத்தை நீரில் விட்டுவிடும். இது வடிகட்டுதல் ஆகாது, பண்டமாற்று. மணிகளிடம் கொடுப்பதற்குச் சோடியம் தீர்ந்ததும் மாற்று நின்றுபோகும். அப்போது செறிந்த உப்புக் கரைசலை உள்ளே செலுத்தினால், பற்றியிருந்த கால்சியத்தைக் கைவிட்டு மணிகள் மறுபடியும் சோடியத்தை ஏற்றுக்கொள்கின்றன. இதற்கு மீளூட்டம் என்று பெயர். சமையல் உப்பை விலையாகக் கொடுத்து மென்னீரை வாங்குகிறோம் என்று நினைவில் வைத்தால், பராமரிப்பு முழுவதும் எளிதில் விளங்கிவிடும்.

முதல் வேலை, தம் வீட்டு நீரை அறிதல். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் நீர்ப் பரிசோதனைக் கூடம் உண்டு. சுத்தமான பாட்டிலில் நீரைக் கொண்டுபோய்க் கொடுத்து, மொத்தக் கடினத்தன்மை, இரும்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றையும் கேட்டு எழுதி வாங்கவேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கிறது. பக்கத்து வீட்டுப் போரின் அளவு நமக்குப் பொருந்தாது. ஒரே தெருவில் 300 அடிப் போருக்கும் 700 அடிப் போருக்கும் நீர் வேறாக இருக்கலாம். விற்பனையாளர் கையிலுள்ள டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் நனைத்துக் காட்டி விலை பேசினால், அதைக் கொண்டு எதையும் முடிவு செய்யவேண்டா. கரைந்துள்ள எல்லாவற்றின் மொத்தத்தையும் அது காட்டுமே அன்றி, அதில் கடினத்தன்மை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மென்னீராக்கிக்கு முன்னும் பின்னும் அந்த மீட்டர் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும்.

அளவு தெரிந்த பின் கணக்குப் போடலாம். 25 லிட்டர் ரெசின் உள்ள உருளைக்கு, லிட்டருக்கு 100 கிராம் வீதம் 2½ கிலோ உப்பைக் கொண்டு மீளூட்டினால், ஏறத்தாழ 1,150 கிராம் கடினத்தன்மையை அது ஏற்கும். நம் நீர் லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றால் 1,900 லிட்டர் வரை தாங்கும். கடைசி வரை இழுக்காமல் 1,600 லிட்டரிலேயே மீளூட்டுவது நல்லது. நாளொன்றுக்கு 600 லிட்டர் இதன் வழியே ஓடும் வீட்டில் மூன்றாவது நாள் முடிவதற்குள் முறை வந்துவிடும். ‘மாதம் ஒருமுறை உப்புப் போட்டால் போதும்’ என்று விற்றவர் சொல்லியிருந்தால், அவர் நம் ஊர்த் தண்ணீரை நினைத்துச் சொல்லவில்லை.

அடிக்கடி செய்வதற்குச் சோம்பி, ஒரேயடியாக உப்பைக் கொட்டுவோர் உண்டு. இது நட்டமான வேலை. அதே உருளைக்கு 6 கிலோ உப்பு இட்டால் 1,700 கிராம் ஏற்கும், அவ்வளவே. உப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. பயனோ ஒன்றரை மடங்கே. எஞ்சிய உப்பு அப்படியே சாக்கடைக்குப் போகிறது. குறைந்த உப்பில் அடிக்கடி மீளூட்டுவதே சிக்கனம்.

உப்பைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். தூத்துக்குடி உப்பளங்கள் நமக்கு அருகில் இருப்பது நல்வாய்ப்பே. ஆனால் கழுவாத கல்லுப்பில் மண்ணும் ஜிப்சமும் மக்னீசிய உப்பும் கலந்திருக்கும். எதை நீக்க இயந்திரம் வைத்தோமோ அதையே நாம் ஊட்டுவதாக முடியும்; மண் போய் உறிஞ்சுகுழாயை அடைக்கும். கழுவிச் சுத்தம் செய்த, வெண்மையான, பருத்த கல்லுப்பே ஏற்றது. சமையலறைத் தூள் உப்பு வேண்டா. அது அடியில் சேறுபோல் இறுகிவிடும். உப்புத் தொட்டியில் எப்போதும் நீர்மட்டத்துக்கு மேல் உப்புத் தெரியவேண்டும். விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மேலுள்ள உப்பு ஓடாக இறுகி, அடியில் வெற்றிடம் விழுவதுண்டு. மேலிருந்து பார்க்கத் தொட்டி நிறைய உப்பு இருப்பதாகத் தோன்றும். கரைசலோ வெறும் நீராக இருக்கும். மரக்கம்பால் மெல்லக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். தொட்டியின் பக்கத்தில் தட்டி உடைக்கக்கூடாது; பிளாஸ்டிக் விரிசல் விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உப்புத் தீரும் தறுவாயில் தொட்டியைக் கவிழ்த்து அடிச்சேற்றைக் கழுவிவிடுவது நலம்.

கையால் திருப்பும் வால்வு உள்ள இயந்திரத்தில் மீளூட்டம் நான்கு நிலைகளில் நடக்கும். முதலில் பின்னோட்டக் கழுவல். நீர் கீழிருந்து மேலாக ஓடி மணிகளைக் கிளறி அழுக்கை வெளியேற்றும். இதற்குப் பத்து நிமிடம். அடுத்து உப்பேற்றல். கரைசல் மெதுவாக இறங்கவேண்டும். அரை மணி நேரமாவது மணிகளோடு உறவாடினால்தான் மாற்று நிகழும். இதை அவசரப்படுத்துவதே பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. பின்னர் மெதுவான அலசல். கடைசியில் வேகமான அலசல். வெளியேறும் நீர் நாவில் கரிப்பு அடங்கும் வரை விட்டு, பிறகே வால்வைப் பழைய நிலைக்குத் திருப்பவேண்டும். எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம்; 25 லிட்டர் ரெசினுக்கு 200 லிட்டர் அளவு நீர் செலவாகும்.

தானியங்கி இயந்திரம் வைத்திருப்போர் இந்த அலுப்பின்றி இருக்கலாம். ஆனால் அதன் கடிகாரத்தைக் கவனிக்கவேண்டும். பெரும்பாலான இயந்திரங்களில் பின்னிரவு 2 மணிக்கு மீளூட்டம் தொடங்குமாறு தொழிற்சாலையிலேயே குறித்து அனுப்புகிறார்கள். ஊர் உறங்கும் நேரம் என்பது அவர்கள் கணக்கு. ரமலானில் நம் வீடுகளில் அந்நேரம்தான் அடுப்பு எரியத் தொடங்குகிறது! ஸஹருக்கு எழுந்து குழாயைத் திறந்தால், மீளூட்டம் முடியும் வரை மாற்றப்படாத கடின நீரே வரும். பல இயந்திரங்களில் அழுத்தமும் குறையும். நோன்பு மாதம் பிறக்குமுன் அந்த நேரத்தை முற்பகல் 10 மணிக்கோ 11 மணிக்கோ மாற்றி வைப்பது நல்லது. மின்சாரம் நின்று வந்த பிறகும் கடிகாரத்தைப் பார்த்தல் வேண்டும். மின்கலம் இல்லாத பழைய வகைகளில் மின்தடை எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் கடிகாரம் பின்தங்கிவிடும்.

மென்னீர் உண்மையில் வருகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று. சிறு கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு நீர் பிடித்து, சோப்புச் சீவலைக் கரைத்த நீரில் சில சொட்டுகளை விட்டுக் குலுக்கவேண்டும். துவைக்கும் பவுடர் கூடாது. உண்மையான சோப்பாக இருக்கவேண்டும். நீர் தெளிவாயிருந்து மேலே நுரை நின்றால் நலம். பால்போல் கலங்கி ஏடு திரிந்தால் மணிகள் ஓய்ந்துவிட்டன. துல்லியம் வேண்டுவோர் சொட்டுகளை எண்ணிப் பார்க்கும் பரிசோதனைப் பெட்டி வாங்கலாம். நீரின் சிவப்பு நீலமாக மாறும் வரை விழும் சொட்டுகளே அளவு. வாரம் ஒருமுறை பார்த்து நாட்காட்டித் தாளில் குறித்துவந்தால், பழுது வருமுன்னரே தெரியும்.

பழுதுகள் பெரும்பாலும் சிறியவையே. உப்புத் தொட்டியில் உப்பு குறையவே இல்லை, நீரும் கடினமாக இருக்கிறது என்றால், உறிஞ்சுமுனை அடைபட்டிருக்கும். மோட்டாரை நிறுத்தி, நீரை அடைத்து, குழாயைத் திறந்து அழுத்தம் இறங்கிய பின்னரே அதைக் கழற்றவேண்டும். மென்மையான தூரிகையால் கழுவலாம்; ஊசி, கம்பி விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிப் பிறகு உறிஞ்சாது. குழாயில் தேன் நிற மணிகள் வந்து விழுந்தால் உருளையின் அடியிலுள்ள சல்லடை உடைந்துவிட்டது. உடனே மாற்றுவழி வால்வைத் திறந்து இயந்திரத்தை ஒதுக்கிவிட்டு ஆளை அழைக்கவேண்டும். இல்லாவிடில் மணிகள் கீசருக்குள்ளும் துவைப்பு இயந்திரத்துக்குள்ளும் புகும். எடுத்தபோது தெளிவாயிருந்து சற்று நேரத்தில் செம்மஞ்சளாகும் நீரில் இரும்பு உண்டு. அது மணிகளின் மேல் படிந்து அவற்றைச் செயலிழக்கச் செய்யும். உருளைக்கு முன்னரே இரும்பு நீக்கியும் மணல் வடிகட்டியும் வைப்பதே சரி. சிறிதளவு படிந்ததை எலுமிச்சை உப்புக் கரைசலால் நீக்கலாம். ஆனால் பிளீச்சிங் பவுடரும் எலுமிச்சை உப்பும் ஒருபோதும் ஒன்றையொன்று தொடலாகாது; நச்சு வாயு எழும். குளோரின் கலந்து வரும் குழாய் நீரை மென்னீராக்கி வழியே விடவும் வேண்டா. குளோரின் மணிகளைச் சிதைக்கும். போர்த் தண்ணீரைப்போல் அந்த நீருக்கு இந்த மருத்துவம் தேவைப்படுவதும் இல்லை. நன்கு பேணினால் மணிகள் பத்து ஆண்டு வரை உழைக்கும்.

பின்னர் சொல்வதாகக் கூறியது இதுதான். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மை நீங்கும்போது 46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேர்கிறது. 600 மில்லிகிராம் நீங்கினால் 276. நம் வெயிலில் ஒருவர் நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தால், சாப்பாட்டு உப்புக்கு மேல் 828 மில்லிகிராம் சோடியம் தண்ணீரிலேயே உடலுக்குள் போகிறது. நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்கு மேல் வேண்டா என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வீட்டில் அத்தாவுக்கு இரத்த அழுத்தம்; மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்; ஊறுகாயும் அப்பளமும் நிறுத்தியாகிவிட்டது. மருந்து மாறாமல் கொடுத்தும் அழுத்தம் இறங்கவில்லை என்று கவலைப்படும் மகள், அவர் கையில் கொடுக்கும் தண்ணீர்க் குவளையைச் சந்தேகிக்க நினைப்பாளா? அது தெளிவாக, வடிகட்டியதுபோல் இருக்கிறதே! இதய நோயாளர், சிறுநீரக நோயாளர், பால்மாவு குடிக்கும் குழந்தை ஆகியோருக்கும் இதே எச்சரிக்கை உரியது. ஆகவே அடுக்களையில் ஒரு குழாய் மென்னீராக்கியைத் தொடாமல் நேரே வரவேண்டும். குடிநீர் தனி வழியில் வரவேண்டும். மென்னீரை ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் விட்டுக் குடிப்பதில் இந்தத் தொல்லை இல்லை. அது சோடியத்தில் பெரும்பகுதியை நீக்கிவிடும். சுண்ணாம்பு படியாததால் அதன் சவ்வும் நீடிக்கும். மென்னீராக்கி மட்டும் ஃபுளோரைடையோ நைட்ரேட்டையோ நோய்க்கிருமியையோ நீக்காது என்பதையும் மறக்கவேண்டா. இரண்டு வாரம் வெளியூர் போய் வந்தால், தேங்கிய உருளையை ஒருமுறை மீளூட்டிய பிறகே பயன்படுத்தவேண்டும்.

பருப்பின் பொருட்டு மென்னீரை ஆசைப்படுவோர் உண்டு. துவரம்பருப்பும் நோன்புக் கஞ்சியும் அதில் விரைவில் குழையும் என்பது உண்மையே. கால்சியம் பருப்பின் சதையை இறுக்குவதால்தான் போர்த் தண்ணீரில் வேகுவதில்லை. இதற்கு நல்ல தண்ணீரே போதும்.

மீளூட்டத்தில் வெளியேறும் உப்பு நீர் எங்கே போகிறது என்று கேட்போர் அரியர். நாள்தோறும் 600 லிட்டர் மென்னீராக்கும் வீடு மாதத்துக்கு ஏறத்தாழ 27 கிலோ உப்பை வெளியே விடுகிறது. ஆண்டுக்கு 300 கிலோவுக்கு மேல். தென்னை மரத்தடியில் விடுவோரும் இருக்கிறார்கள். உறிஞ்சுகுழியில் விடுவோரும் இருக்கிறார்கள். 1850-இல் இங்கிலாந்தில் தாம்சன், வே என்னும் இருவர் வயல் மண் தன்னிடமுள்ள கால்சியத்தைக் கொடுத்து அம்மோனியத்தை ஏற்பதைக் கண்டறிந்தார்கள். மென்னீராக்கியின் பிறப்பே அந்த மண்ணில்தான். நம் கரிசல் மண்ணும் இத்தகைய பண்டமாற்றில் வல்லது. உப்பு நீரை அதன் மேல் ஊற்றினால், மணிகளில் நடந்ததே தரையிலும் நடக்கும். மண் கால்சியத்தை இழந்து சோடியத்தை ஏற்கும்; ஈரத்தில் குழைந்து, காய்ந்தால் பாறையாக இறுகும்; மழைநீர் இறங்காது; வேர் மூச்சு விடாது. உறிஞ்சுகுழி வழியே இறங்கினால் நம் போருக்கும் பக்கத்து வீட்டுப் போருக்குமே அந்த உப்பு திரும்பி வரும். மரத்தடிக்கும் மழைநீர்க் குழிக்கும் அனுப்பாமல் தெருக் கால்வாயில் விடுவது இவற்றினும் மேல். ஆனால் அந்தக் கால்வாயும் எங்கோ ஒரு கண்மாயில்தானே முடிகிறது? தீங்கே இல்லாத இடம் என்று ஒன்றைக் காட்ட இயலாது. வெளிவிடும் அளவைக் குறைப்பதே நம் கையில் உள்ளது.

குறைக்க முடியும். கழிப்பறைக்கும் முற்றம் கழுவவும் வண்டி கழுவவும் செடிக்கும் மென்னீர் எதற்கு? குளியலறை, கீசர், துவைப்பு ஆகிய மூன்றுக்கு மட்டும் குழாய் பிரித்தால், 600 லிட்டர் 300 ஆகிவிடும். உப்பும் கழிவு நீரும் பாதியாகும். கட்டும்போதே பிளம்பரிடம் சொல்லிவிட்டால் செலவு அதிகமில்லை. கட்டிய பின் சுவரை உடைக்கவேண்டியிருக்கும். நீரை முழுதும் மென்மையாக்கவும் தேவையில்லை. வால்வில் உள்ள கலப்புத் திருகைச் சிறிது திறந்து, லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவு கடினத்தன்மை மிஞ்சுமாறு விட்டால் சோப்பும் நுரைக்கும். உடம்பில் வழுவழுப்பும் தங்காது. முழு மென்னீரில் குளிப்போர், ஒளூச் செய்வோர் சிலர் கை வழுக்குவதைக் கண்டு, சோப்பு போகவில்லை என்று எண்ணி மேலும் இரண்டு வாளி ஊற்றுகிறார்கள். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் இது வீண்விரயம்.

‘உப்பே வேண்டா, காந்தம் போதும், குழாயின் மேல் மாட்டினால் சரி’ என்று வீடு தேடி வந்து விற்கும் கருவிகளுக்கு ஒரே சோதனை போதும். மாட்டுமுன்னும் மாட்டிய பின்னும் அதே பரிசோதனைக் கூடத்தில் கடினத்தன்மையை அளந்து பார்க்கச் சொல்லவேண்டும். எண் மாறாது. கால்சியம் வெளியேற வழியில்லாத கருவியில் அது எங்கே போகும்?

கடினத்தன்மையே இல்லாத நீர் ஆண்டுதோறும் நம் மாடியில் இலவசமாக இறங்குகிறது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டபோது பெரும்பாலோர் ஒரு குழி வெட்டி நிறுத்திக்கொண்டார்கள். குழிக்குப் பதிலாகத் தரைத்தொட்டிக்குத் திருப்பினால் பயன் நேரடியானது. 1,000 சதுர அடி மாடியில் 800 மில்லிமீட்டர் மழை பெய்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஏறத்தாழ 59,000 லிட்டர் கிடைக்கும். அவ்வளவையும் சேர்த்துவைக்க எவரிடமும் தொட்டி இராது. 10,000 லிட்டர்த் தொட்டி ஒன்று இருந்தாலும், ஐப்பசியிலிருந்து மார்கழி வரை துவைப்புக்கும் குளியலுக்கும் மழைநீரைக் கொண்டே பல நாள்களை ஓட்டலாம். மென்னீராக்கிக்கு ஓய்வு கொடுக்கலாம். நம் ஊரில் ஒரு கவனம் வேண்டும். தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வருவதால், மாடி முழுவதும் வெடித்த காகிதத் துகளும் மருந்துக் கரியும் கிடக்கும். பெருக்கி அள்ளிய பின், முதல் மழையையும் அதையடுத்த பெருமழையின் முதல் கால் மணி நேரத்தையும் வெளியே ஓடவிட்டு, அதற்குப் பிறகே குழாயைத் தொட்டியின் பக்கம் திருப்பவேண்டும்.